எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ்: இரண்டு வருடம் போட்டால் திரும்பி வருமா?

கேள்வி, 11 மே 2025, இரவு 10.40

பி.இ. சி.எஸ்.இ. 2024-ல் முடித்தேன். இப்போது சென்னையில் சப்போர்ட் வேலை, கையில் 24,000 வருகிறது. மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்ட். எம்.இ. முடித்தால் நல்ல கம்பெனிக்கு மாறிவிடலாம் என்று கூட வேலை பார்க்கிற அண்ணன் சொல்கிறார். ஊர்ப்பக்கம் ஒரு கல்லூரியில் விசாரித்தேன். வருடத்துக்கு 60,000, கேட் (எம்.இ., எம்.டெக். சேர எழுதும் தேசியத் தேர்வு) ஸ்கோர் எல்லாம் தேவையில்லை என்கிறார்கள். வீட்டில் லோன் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். முடித்தவர்கள் யாராவது சொல்லுங்கள். கோவில்பட்டிக்காரன்.

11 மே, இரவு 11.25

நான் முடித்தவள். பி.இ. 2012, சிறுசேரியில் மூன்று வருடம் வேலை, பிறகு 2015 முதல் 2017 வரை ஒரு அரசுக் கல்லூரியில் எம்.இ.

60,000 என்ற எண்ணை மட்டும் பார்க்காதே தம்பி. நீ விட்டுவிட்டு வரப்போகிற சம்பளம்தான் பெரிய செலவு. 24,000-ஐ 24 மாதத்தால் பெருக்கு: 5,76,000. அதோடு ஃபீஸ் 1,20,000. கிட்டத்தட்ட ஏழு லட்சத்தைக் கீழே வைக்கிறாய். மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

12 மே, காலை 6.10

அப்பா விருதுநகரில் ஒரு வத்தல் கமிஷன் மண்டியில் கணக்குப்பிள்ளை. நான் வேலையை விடப்போகிறேன் என்று சொன்னதும் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. பழைய சிட்டை ஒன்றை எடுத்து, பின்பக்கத்துத் தாளில் நடுவே ஒரு கோடு போட்டு, இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று என்று எழுதி என்னிடம் நீட்டினார். "நீயே எழுது பாப்பா" என்றார்.

நான் பற்றில் ஃபீஸ் 1,10,000 எழுதினேன். ஹாஸ்டல், மெஸ் மாதம் 4,500 வீதம் 1,08,000. வரவில் கேட் ஸ்டைபண்ட் மாதம் 12,400 வீதம் 2,97,600. வரவு அதிகம், லாபம் என்று சிரித்தேன். அவர் பேனாவை வாங்கி, பற்றில் இன்னொரு வரி சேர்த்தார்: "விடுகிற சம்பளம், 31,000 × 24 = 7,44,000". பற்று மொத்தம் 9,62,000. வரவைக் கழித்தால் 6,64,400. கடனில்லாமல், ஸ்டைபண்டோடு, அரசுக் கல்லூரியில் சேர்ந்த எனக்கே இது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

12 மே, மதியம்

ஸ்டைபண்ட் என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். செல்லுபடியாகும் கேட் ஸ்கோரோடு ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பு) அங்கீகாரம் உள்ள இடத்தில் முழுநேர எம்.இ. அல்லது எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய், 24 மாதத்துக்கு. பதிலுக்கு வாரம் எட்டு முதல் பத்து மணி நேரம் லேப், டுடோரியல் வேலை பார்க்க வேண்டும். நான் வாங்கியபோதும் 12,400, இன்றைக்கும் 12,400. பத்து வருடத்தில் மெஸ் பில் எங்கேயோ போய்விட்டது. இந்தத் தொகையை ஏற்றாமல் வைத்திருப்பது அநியாயம்.

சேரும்போதே கேட் ஸ்கோர் இருக்க வேண்டும். சேர்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அதோடு, கல்லூரி மாதாமாதம் நம் பெயரை உறுதிசெய்து அனுப்பினால்தான் பணம் வரும். எங்கள் கல்லூரி அலுவலகத்தில் அதைச் செய்ய வேண்டியவர் மாறிப்போனதில் எனக்கு நான்கு மாதத் தொகை நின்று, பிறகு மொத்தமாக வந்தது. அந்த நான்கு மாதமும் மெஸ் பில்லுக்கு அப்பாதான் அனுப்பினார். ஸ்டைபண்டை நம்பிப் போகிறவர்கள் ஒரு அரை வருடச் செலவுக்குக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

13 மே, இரவு

ஈரோட்டு அண்ணன் ஒருவர் என் கணக்கில் பிழை இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். சரியாகத்தான் சொல்கிறார். வேலையில் இருந்திருந்தாலும் நான் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? வேளச்சேரியில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 9,000 போய்க்கொண்டிருந்தது. ஆக, வேலையில் இருந்திருந்தால் கையில் நின்றிருப்பது 7,44,000-இல் 2,16,000 போக 5,28,000. படித்தபோது நின்றது 2,97,600-இல் ஃபீஸும் மெஸ்ஸும் போக 79,600. வித்தியாசம் 4,48,400. அப்பாவின் கணக்கைவிட 2,16,000 குறைவு.

இன்று சாயங்காலம் போனில் அப்பாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. "ஆமா, சாப்பாட்டை ரெண்டு பக்கமும் எழுதணும்ல" என்றார். பத்து வருடம் கழித்துச் சிட்டை திருத்தப்பட்டது. ஈரோட்டு அண்ணனுக்கு நன்றி.

தம்பி, உன் கணக்கையும் இப்படிப் போடு. ஆனால் உன் வரவுப் பக்கத்தில் ஸ்டைபண்ட் கிடையாது என்பதை மறக்காதே.

14 மே

லோன் பற்றி. கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். தவணைதான் கட்ட வேண்டாம், வட்டி அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடும். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்க மாட்டார்கள் என்பதால் வீட்டில் எளிதாகச் சம்மதித்துவிடுகிறார்கள். வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வருமான வரியில் எட்டு வருடம் வரை உண்டுதான், ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். இப்போது நீங்களாகக் கேட்டு மாற்றிக்கொள்ளாவிட்டால் புது முறைதான். அதில் இந்தக் கழிவு கிடையாது.

பி.இ. கடன் இன்னும் பாக்கி இருக்கிறதா தம்பி? நீ அதைச் சொல்லவே இல்லை.

14 மே, இரவு

1,80,000 பாக்கி என்று பதில் வந்திருக்கிறது. அப்படியானால் கேட் இல்லாமல், இன்னொரு கடன் வாங்கி அந்தக் கல்லூரியில் சேராதே. வேண்டாம்.

17 மே, சனி

மூன்று நாளாக மனசு உறுத்துகிறது. "வேண்டாம்" என்று எழுதிவிட்டேன். ஆனால் நான் சேர்ந்ததற்கு வருந்துகிறேனா என்று கேட்டால், இல்லை. ஏன் இல்லை என்று சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாக ஆகும்.

கடைசி வருடத்துப் புராஜெக்ட். பல த்ரெட்கள் (ஒரே புரோகிராமுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஒரு ஹேஷ் டேபிள், அதாவது தகவலைச் சட்டென்று தேடி எடுக்கும் அட்டவணை, எழுதிக்கொண்டிருந்தேன். எத்தனை முறை தேடுகிறது என்று எண்ண, எட்டு த்ரெட்டுக்கும் எட்டு கவுன்ட்டர் வைத்தேன். ஒவ்வொரு த்ரெட்டும் தன்னுடையதை மட்டும்தான் தொடும். லாக் தேவையே இல்லை. ஓட்டினால், ஒரு த்ரெட்டில் ஓடியதைவிட எட்டு த்ரெட்டில் மெதுவாக ஓடுகிறது. மூன்று வாரம். ஹேஷ் ஃபங்ஷனை மாற்றினேன், கம்பைலர் ஆப்ஷன்களை மாற்றினேன், வேறு மெஷினில் ஓட்டினேன். அசையவில்லை.

கைடு ஒரு நாள் வந்து பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கவுன்ட்டரோட அட்ரஸை பிரின்ட் பண்ணும்மா" என்றார். பண்ணினேன். எட்டு முகவரிகள், எட்டு எட்டு பைட்டாக ஏறிக்கொண்டு போயின. "ஒரு கேஷ் லைன் எத்தனை பைட்?" செயலி மெமரியிலிருந்து ஒரே தடவையில் எடுத்து வைத்துக்கொள்ளும் துண்டு அது. 64. எனக்குக் கை நடுங்கிவிட்டது. எட்டு எட்டு அறுபத்து நாலு. நான் தனித்தனி என்று நினைத்த எட்டும் செயலிக்கு ஒரே வரி. ஒரு கோர் தன் கவுன்ட்டரில் ஒன்று கூட்டினால், மற்ற கோர்கள் தங்களிடம் வைத்திருக்கும் அந்த வரி முழுவதும் செல்லாமல் போய்விடும். மறுபடி வாங்க வேண்டும். எட்டுப் பேரும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கவுன்ட்டருக்கும் பின்னால் 56 பைட் வெறுமையாக விட்டேன். அவ்வளவுதான். த்ரெட் கூடக்கூட வேகமும் கூடியது.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். ஒரே பேரேட்டில் எட்டுப் பேர் அவரவர் பக்கத்தில் எழுதுகிறார்கள், ஆனால் எழுத வேண்டுமென்றால் பேரேட்டையே கையில் வாங்க வேண்டியிருக்கிறது என்று. "எட்டுப் பேருக்கும் எட்டு சிட்டை குடுத்துற வேண்டியதுதானே" என்றார். அதைத்தான் செய்திருந்தேன்.

சிறுசேரியில் மூன்று வருடம் இருந்தேனே, ஒரு சிக்கலோடு மூன்று வாரம் உட்கார்ந்திருக்க யார் விட்டார்கள்? டிக்கெட் என்று ஒரு புகார் வந்தால் நாலு மணி நேரத்தில் மூட வேண்டும். எம்.இ. எனக்குக் கொடுத்தது அந்த மூன்று வாரத்தை. 2019-ல் இப்போதைய கம்பெனி இன்டர்வியூவில் மதிப்பெண் பட்டியலைக் கேட்கவில்லை. "நீங்க ரொம்ப நாள் மல்லுக்கட்டின ஒரு பிரச்சினை சொல்லுங்க" என்றார்கள். இதைத்தான் சொன்னேன். நாற்பது நிமிடம் இதிலேயே போனது.

18 மே

"அப்போ 2017-ல் முடித்து 2019 வரை என்ன செய்தீர்கள்" என்று ஈரோட்டு அண்ணன் விடாமல் கேட்கிறார். கல்லூரியில் பாடம் எடுத்தேன். எம்.இ. முடித்த எங்கள் வகுப்பில் பாதிப் பேர் போன வழி அது. பி.இ., எம்.இ. இரண்டில் ஒன்றில் முதல் வகுப்பு இருந்தால் உதவிப் பேராசிரியர் ஆகலாம் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. ஏழாவது ஊதியக்குழுப்படி அந்தப் பதவிக்கு அடிப்படைச் சம்பளம் 57,700 என்று தொடங்குகிறது. எனக்குக் கொடுத்தது 18,000. எம்.இ.க்கு முன்பு வாங்கியதைவிட 13,000 குறைவு.

சேரும் அன்றே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் எம்.இ. பட்டம் வரை ஒரு பச்சைக் கவரில் போட்டு, மேலே என் பெயரை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, பீரோவில் வைத்தார்கள். அப்படி வாங்கி வைக்கக் கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது. 2018-ல் ஏ.ஐ.சி.டி.இ. ஆசிரியர் மாணவர் விகிதத்தை 1:15-இலிருந்து 1:20 ஆக மாற்றியது. எங்கள் துறையில் நான்கு பேரைப் போகச் சொன்னார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு அவர்கள் வகுப்பும் சேர்ந்தது, சம்பளம் கூடவில்லை. நான் விலகியபோது, செமஸ்டர் நடுவில் போவதற்கு இரண்டு மாதச் சம்பளம் கட்டினால்தான் கவர் கிடைக்கும் என்றார்கள். 36,000 கட்டி மீட்டேன்.

தம்பி, எங்கே வேலைக்குப் போனாலும் அசலைக் காட்டு, நகலைக் கொடு. அசல் வீட்டுக்குத் திரும்பி வரட்டும்.

18 மே, இரவு

அந்த இரண்டு வருடத்துக்கும் கணக்கு: கம்பெனியிலேயே இருந்திருந்தால் குறைந்தது மாதம் 43,000 வந்திருக்கும். வாங்கிய 18,000 போக மாதம் 25,000 வீதம் 24 மாதம், 6,00,000. எம்.இ. கணக்கில் வந்த 4,48,400-ஓடு சேர்த்தால் 10,48,400. கவரை மீட்ட 36,000 தனி.

அது வாத்தியார் வேலையின் செலவு, பட்டத்தின் செலவு அல்ல என்று அண்ணன் வாதாடுகிறார். எனக்கு அப்படிப் பிரிக்க முடியவில்லை. எம்.இ. முடித்ததும் கம்பெனிகள் என்னை "மூன்று வருட அனுபவம், இரண்டு வருட இடைவெளி" என்றுதான் பார்த்தன. வளாகத் தேர்வுக்கு வந்தவை பெரும்பாலும் பி.இ. பிள்ளைகளுக்காக வந்தவை. அதனால்தான் கல்லூரிக்குப் போனேன்.

19 மே

நேற்று எழுதியதைப் படித்தால் பாடம் எடுத்ததே வீண் என்பது போல் இருக்கிறது. அப்படி இல்லை. மூன்றாம் வருடத்தில் ஒரு பெண். ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) புரியவில்லை என்று வகுப்பு முடிந்ததும் தினமும் வந்து நிற்பாள். ஒரு நாள் ஹனாய் கோபுரத்தை, அடுக்கிய வட்டுகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றும் அந்தப் புதிரை, டிபன் பாக்ஸ் அடுக்குகளை வைத்துச் செய்து காட்டினேன். மூன்றாவது அடுக்கை நகர்த்தும்போது என் கையைத் தட்டிவிட்டு மிச்சத்தை அவளே செய்தாள். அவள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பாடம் எடுக்கத்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு எம்.இ. வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியுமா என்று முதலில் வீட்டில் பேசிவிட்டுப் போங்கள்.

21 மே, பின்னிரவு

தேனியிலிருந்து ஒரு தங்கை எழுதியிருப்பதற்குப் பதில் சொல்ல இரண்டு நாள் யோசித்தேன். "அக்கா, எனக்கு லாபம் நஷ்டம் எல்லாம் வேண்டாம். வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார்கள், படிக்கிறேன் என்றால் விடுவார்கள். ரெண்டு வருஷம் கல்யாணப் பேச்சு இருக்காது. அதற்காகச் சேரலாமா?"

சேர். நான் வெளியே சொல்லாத காரணமும் அதுதான். 2015-ல் எனக்கு 24 வயது. சென்னையில் தனியாக இருக்கிறாள் என்று அத்தை, பெரியம்மா எல்லாரும் வாரம் ஒரு ஜாதகம் கொண்டுவந்தார்கள். "புள்ள மேல்படிப்பு படிக்குது" என்று அம்மா ஒரு வாக்கியத்தில் அத்தனை பேரையும் நிறுத்தினாள். அப்பாவின் சிட்டையில் அதற்குத் தனியாக வரி இல்லை. ஆனால் அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். 7,44,000 என்று எழுதிய பிறகும் "போய்ட்டு வா" என்றாரே.

ஒன்று மட்டும் தங்கை. அந்த இரண்டு வருடத்தைச் சும்மா கழிக்காதே. முடித்து வெளியே வரும்போது அதே ஜாதகங்கள் வாசலில் நிற்கும். முதல் செமஸ்டரிலிருந்தே வேலைக்குத் தயாராகு. முடிந்தால் கேட் எழுதிவிட்டுச் சேர், ஸ்டைபண்ட் உன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் வரும். உன் பெயரில் மாதம் 12,400 வருவது வீட்டில் பேச்சின் தொனியையே மாற்றும்.

22 மே

பி.எஸ்சி. முடித்தவர்கள் எம்.சி.ஏ. பற்றிக் கேட்கிறீர்கள். 2020-21 முதல் அதுவும் இரண்டு வருடம்தான். தமிழ்நாட்டில் டான்செட் என்ற நுழைவுத் தேர்வு வழியாகப் போகலாம். எம்.இ.க்கு இப்போது டான்செட் கிடையாது, 2023 முதல் சீட்டா பி.ஜி. என்று தனி நுழைவுத் தேர்வு. கேட் ஸ்கோர் இருந்தால் என்.ஐ.டி.க்களுக்கு சி.சி.எம்.டி. கலந்தாய்வு தனி. பி.எஸ்சி. பிள்ளைகளுக்கு எம்.சி.ஏ.வின் பலன் எம்.இ.யைவிடத் தெளிவானது என்பது என் எண்ணம். பி.எஸ்சி.க்குத் திறக்காத சில வேலைகள் அதற்குத் திறக்கும். பி.இ. சி.எஸ்.இ.க்கு எம்.இ. சேர்ந்தால் புதிதாகத் திறக்கும் கதவுகள் கம்மி.

வேலையை விடாமல் படிக்கவும் வழி உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குப் பகுதிநேர எம்.இ. இருக்கிறது, மூன்று வருடம். பிட்ஸ் பிலானி வேலை பார்ப்பவர்களுக்கு நடத்தும் டபிள்யூ.ஐ.எல்.பி. எம்.டெக். படிப்பை என்னுடன் சிறுசேரியில் இருந்த இரண்டு பேர் செய்தார்கள். வார இறுதி முழுக்கப் போய்விடும், ஆனால் அப்பா எழுதிய அந்த 7,44,000 வரி அவர்கள் சிட்டையில் வரவே இல்லை.

25 மே, ஞாயிறு

இன்னும் ஒன்றை நான் சரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. எது எம்.இ. கொடுத்தது, எது கேட் கொடுத்தது?

2014 ஜூன் முதல் 2015 பிப்ரவரி வரை, வேளச்சேரியிலிருந்து சிறுசேரி போகும் கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அதில்தான் படித்தேன். ஆபரேட்டிங் சிஸ்டம், டிபிஎம்எஸ், கம்பைலர், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், டிஸ்க்ரீட் மேத்ஸ். பி.இ.யில் பரீட்சைக்கு முந்தின நாள் மனப்பாடம் செய்தவை. கேட்டில் அது செல்லாது. 65 கேள்வி, 100 மார்க், மூன்று மணி நேரம். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியைத் தப்பாகப் போட்டால் மார்க் கழியும். நானே கணக்கு போட்டு விடை எழுத வேண்டிய கேள்விகளில் ஊகத்துக்கே இடமில்லை. பேஜ் டேபிள் (மெமரியில் எது எங்கே இருக்கிறது என்று குறிக்கும் அட்டவணை) அளவைக் கையால் கணக்கிட்டுப் பழகியதால்தான் பின்னால் கைடு "எத்தனை பைட்" என்றதும் எனக்குப் பொறி தட்டியது.

ஆக, எனக்குக் கிடைத்ததில் பாதி, சேருவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. அதற்கு ஆன செலவு நான்கு புத்தகங்களும் விண்ணப்பக் கட்டணமும்தான். விரிவுரைகள் ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் இலவசம். சம்பளம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

14-ஆம் தேதி எழுதிய "வேண்டாம்" என்பதை இப்படி மாற்றிக்கொள்கிறேன் தம்பி. இந்த வருடம் எங்கும் சேராதே. வேலையில் இருந்துகொண்டே அடுத்த பிப்ரவரி கேட் எழுது. நல்ல ஸ்கோர் வந்தால் ஐ.ஐ.டி., என்.ஐ.டி., கிண்டி என்று பார், ஸ்டைபண்டோடு போ. அங்கே வளாகத் தேர்வு நடக்கும் விதமே வேறு, நான் எழுதிய கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது. ஸ்கோர் மூன்று வருடம் செல்லும், அவசரம் இல்லை. சுமாராக வந்தால், படித்த அதே பாடத்தை வைத்துக்கொண்டு வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போ. இந்த எட்டு மாதத்தில் பழைய கடனில் ஒரு பகுதியும் அடையும்.

26 மே

நைட் ஷிப்டில் எப்படிப் படிப்பது என்று கோவில்பட்டித் தம்பி கேட்டிருக்கிறான். நியாயமான கேள்வி. நான் பகல் ஷிப்டில் இருந்தவள், என் பஸ் கதை உனக்கு உதவாது. நைட் ஷிப்ட் முடித்த காலையில் உட்காராதே, ஏறாது. தூங்கி எழுந்த பிறகு சாயங்காலம் வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம், தினமும் அதே நேரம். முதலில் டிஸ்க்ரீட் மேத்ஸ், பிறகு அல்காரிதம். நெட்வொர்க் உன் வேலையிலேயே பாதி தெரிந்திருக்கும். மேனேஜரிடம் ஷிப்ட் மாற்றம் கேட்டுப் பார். படிப்பதற்கு என்று சொல்லாதே, வீட்டுச் சூழ்நிலை என்று சொல்.

8 ஜூன்

ஊருக்கு வந்திருக்கிறேன். பரணில் என் கேட் நோட்டுகள் கிடைத்தன. கம்பைலர் நோட்டில் கரையான் ஏறிவிட்டது, மற்ற ஐந்தும் நன்றாக இருக்கின்றன. பேஜிங் கணக்குகள் நீல அட்டை போட்டதில். தேனித் தங்கைக்கு டிஸ்க்ரீட் மேத்ஸ் நோட்டைப் படமெடுத்து அனுப்பிவிட்டேன். கோவில்பட்டித் தம்பி, மீதி நாலும் அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். லீவில் ஊருக்கு வரும்போது விருதுநகரில் இறங்கி மண்டியில் வாங்கிக்கொள். மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் சரக்கு வரத்து ஓய்ந்திருக்கும், அவர் கல்லாப் பக்கம் உட்கார்ந்திருப்பார். உன் கணக்கையும் எழுதி எடுத்துக்கொண்டு போ, சாப்பாட்டை இரண்டு பக்கமும் எழுதி.